கிண்டியில் ஒரு நான்காம் மாடி

மே மாதத்து ராத்திரி பத்தரை மணிக்குக் கோவிலம்பாக்கத்தில் கரண்ட் போனால், ஐந்தே நிமிடத்தில் தெருவே ஒரு விசாரணையை நடத்தி முடித்துவிடும். மொட்டை மாடியில் ஏறி எதிர்த் தெருவைப் பார்ப்பார்கள். அங்கே வெளிச்சம் இருந்தால், நம்ம டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போயிருக்கிறது. ரேடியல் ரோடு வரைக்கும் இருட்டென்றால் ஃபீடரே போய்விட்டது. நம் வீட்டில் ஃபேன் முனகிக்கொண்டு சுற்ற, பக்கத்து வீட்டில் பளிச்சென்று எரிந்தால் ஒரு பேஸ் அவுட்; சேஞ்ச் ஓவரைத் திருப்பிப் போட வேண்டியதுதான். எலெக்ட்ரிகல் படிக்காதவர்களையும் பாதி லைன்மேன் ஆக்கி வைத்திருக்கிறது தென்சென்னைப் புறநகர் வாழ்க்கை.

அடுத்து யாரிடம் சொல்வது என்ற கேள்வி. நம்பர் வைத்திருப்பவர் லைன்மேனை அழைப்பார். இல்லாதவர் பிரிவு அலுவலகத்தை. 2021 ஜூனில் தொடங்கியதிலிருந்து ‘மின்னகம்’ என்ற மின்வாரியப் புகார் மையம் இருக்கிறது. அங்கே புகார் எண் தருவார்கள். கோபம் முற்றினால் அமைச்சரை டேக் செய்து ஒரு ட்வீட். இந்த ஏணியில் நம் கண்ணுக்குத் தெரிகிற கடைசிப் படி அமைச்சர்தான்.

ஆனால் சட்டப்படி அதற்கும் பக்கத்தில் இன்னொரு படி இருக்கிறது. கோவிலம்பாக்கத்திலிருந்து பத்து கிலோமீட்டர் போல வரும். கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் சிட்கோ கட்டடத்தின் நான்காம் மாடி: தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஒரு யூனிட்டுக்கு நாம் என்ன விலை கொடுக்க வேண்டும், ஈ.பி. எந்தச் செலவை நம் தலையில் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது, எரிந்துபோன டிரான்ஸ்பார்மரை எத்தனை நேரத்துக்குள் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் நமக்கு என்ன இழப்பீடு என்பதையெல்லாம் முடிவு செய்ய அதிகாரம் பெற்ற இடம். ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள். ரேஷன் கடைக்கு எத்தனை மணிக்கு அரிசி இறங்குகிறது என்று சொல்லக்கூடிய நம்மில், இந்த மூவரில் ஒருவர் பெயரையாவது சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

நம் அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்த மாடி கண்ணில் படாமலே இருந்தது பலருக்கு வசதியாக இருந்திருக்கிறது.

கொஞ்சம் பின்கதை. 1957 ஜூலை 1 அன்று பிறந்தது மின்சார வாரியம். உற்பத்தி, கம்பி, கட்டணம், கணக்கு எல்லாம் அதன் கையில். அதன் கடிவாளம் கோட்டையின் கையில். பைக்காரா, மேட்டூர், பாபநாசம் என்று வெள்ளைக்காரன் காலத்து அணை மின்சாரத்தில் தொடங்கிய மாகாணம், கிராமத்துக்குக் கிராமம் கம்பி இழுத்ததில் நாட்டுக்கே முன்னோடி ஆனது. அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் விலை வைப்பவரும் விற்பவரும் ஓட்டுக் கேட்பவரும் ஒருவரே என்றால் விலை எங்கே போய் நிற்கும்? விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1984-ல் சிறு விவசாயிகளுக்கு வந்தது, 1990-ல் எல்லோருக்கும் ஆனது. அதற்குப் பின்னால் எழுபதுகளின் கொங்கு விவசாயிகள் போராட்டமும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த உயிர்களும் இருக்கின்றன. வெறும் ஓட்டுக் கணக்கு என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

தொண்ணூறுகளின் இறுதியில் நாடு முழுக்க ஒரு யோசனை வந்தது. விலை வைக்கும் வேலையை அரசியல்வாதியிடமிருந்து எடுத்து, நீதிமன்றம் மாதிரி ஒரு சபையிடம் கொடுத்துவிடலாம் என்பது. 1998-ல் அதற்கொரு மத்தியச் சட்டம் வந்தது. 1999-ல் நம் ஆணையம் அமைந்தது. 2003 மின்சாரச் சட்டம் அதற்குப் பல்லும் நகமும் கொடுத்தது. அரசு யாருக்காவது இலவசமோ சலுகையோ தர விரும்பினால் தாராளமாகத் தரலாம். ஆனால் அந்தப் பணத்தை முன்கூட்டியே மின் நிறுவனத்திடம் கட்டிவிட வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. மீட்டர் இல்லாமல் யாருக்கும் மின்சாரம் தரக் கூடாது என்கிறது 55-ஆம் பிரிவு. காகிதத்தில் இதைவிட ஒழுங்கான ஏற்பாட்டைப் பார்ப்பது கடினம்.

நடந்தது என்ன? 2003 மார்ச்சில் ஆணையத்தின் முதல் கட்டண ஆணை. அடுத்தது 2010 ஜூலை 31. நடுவில் ஏழு ஆண்டுகள். நிலக்கரி விலை நிற்கவில்லை, சம்பளம் நிற்கவில்லை, புறநகரில் முளைத்த அடுக்குமாடிகள் நிற்கவில்லை; கட்டணம் மட்டும் நின்றது. அந்த ஏழு ஆண்டுகளின் பில் 2008-லிருந்து மின்வெட்டாக வந்து சேர்ந்தது. 2012-ல் சென்னைக்கு 2 மணி நேர வெட்டு. மாவட்டங்களில் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பட்டறைக்காரர்களைக் கேட்டால் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். அதே 2012-ல் மார்ச் 30 அன்று பெரும் கட்டண உயர்வு வந்தது. சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு மார்ச் 18-ல் முடிந்திருந்தது. பஞ்சாங்கம் பார்த்து வைத்த தேதி போலத்தான் இருக்கிறது.

மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பர் 11 அன்று நாட்டின் எல்லா ஆணையங்களுக்கும் ஒரு சூடு போட்டது: மின் நிறுவனம் மனுவோடு வரவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், நீங்களாகவே எடுத்து விசாரித்து ஆண்டுதோறும் கட்டணத்தை முடிவு செய்யுங்கள். நம் ஆணையம் அதைக் கேட்டு, 2014-ல் தானாக முன்வந்து கட்டணத்தை மாற்றியது. டிசம்பரில் ஆணை வந்தது. அதோடு சரி. அடுத்த ஏற்றத்துக்கு 2022 செப்டம்பர் 9 வரை, ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். அந்த இடைவெளியில் இரண்டு சட்டமன்றத் தேர்தல்கள், ஒரு நாடாளுமன்றத் தேர்தல்.

எட்டு ஆண்டுகள் ஏற்றவில்லையே, நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் பல நாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 2017 ஜனவரி 9 அன்று, மின் நிறுவனங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தபோது, மின் நிறுவனத்தின் 30,420 கோடி ரூபாய்க் கடனில் 22,815 கோடியை மாநில அரசு தன் தலைமேல் ஏற்றிக்கொண்டது. ஈ.பி. பில்லில் ஏறாத தொகை அரசுக் கடனில் ஏறியது, வட்டியோடு. கோவிலம்பாக்கத்துக்காரருக்கு அதுவும் அவர் பில்தான். வேறு கவுன்டரில் வாங்குகிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் 2 ரூபாய் 36 காசு நஷ்டம் என்று கணக்குச் சொன்னது. அதாவது நாம் ஏ.சி.யை அதிகம் ஓட்டினால் ஈ.பி. அதிகம் நஷ்டப்படும். எந்த வியாபாரியாவது வாடிக்கையாளர் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கடை திறப்பானா?

அந்த நஷ்டம் வந்து இறங்கும் இடம் தெருமுனை டிரான்ஸ்பார்மர். ஒரு காலத்தில் இருபது தனி வீடுகளுக்கென்று வைத்தது, இன்று அதே தெருவில் இருபது அடுக்குமாடிகளைச் சுமக்கிறது. எஸ்.கொளத்தூர், நன்மங்கலம், கீழ்க்கட்டளை எல்லாப் பக்கமும் இதே கதை. பல இடங்கள் அந்தஸ்தில் நெடுங்காலம் ஊராட்சி, நெரிசலில் மாநகரம். ஒவ்வொரு வீட்டிலும் போர், சம்ப், மோட்டார். மின்சாரம் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை, தண்ணீர் லாரிக்குப் போன் போட வேண்டியதுதான். பணமில்லாத நிறுவனம் புது டிரான்ஸ்பார்மருக்குத் தயங்கும், காலியிடத்துக்கு ஆளெடுக்கத் தயங்கும், ஒப்பந்தத் தொழிலாளியைக் கையுறை இல்லாமல் கம்பம் ஏற்றும்.

இந்த இடத்தில் அணிலைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். 2021 ஜூனில் மின்வெட்டு ஏன் என்ற கேள்விக்கு, கம்பிகளில் அணில் ஓடுவதும் ஒரு காரணம் என்றார் அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி. ஊரே சிரித்தது. உண்மையில் அணிலால் லைன் டிரிப் ஆவது உலகமெங்கும் நடப்பதுதான். இலங்கையில் 2025 பிப்ரவரி 9 அன்று தீவு முழுக்க இருண்டபோது, பாணந்துறை துணை மின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கு காரணம் என்று அங்குள்ள அமைச்சர் சொன்னார். அணிலும் குரங்கும் செய்யக்கூடியவைதான். ஓர் அணில் ஏறினால் ஒரு பகுதியே இருளும் அளவுக்குப் பராமரிப்பு ஏன் தள்ளிப்போனது என்று கேட்டுப் பதில் வாங்க வேண்டியவர் யார்? அப்படிக் கேட்பதற்குத்தான் மேற்பார்வை என்று பெயர்.

இலங்கைப் பேச்சு வந்ததால் இன்னொன்று. அங்கேயும் ஒன்பது ஆண்டுகள் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருந்து, நாடே திவாலான பிறகு 2022 ஆகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதம் ஏற்றினார்கள். 2023 பிப்ரவரியில் மேலும் 66 சதவீதம். இரண்டாவதை எதிர்த்து நின்றவர் அங்குள்ள பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் ஜனக ரத்நாயக்க. அவரைப் பதவி நீக்க நாடாளுமன்றத்திலேயே வாக்கெடுப்பு நடந்தது: 2023 மே 24, ஆதரவாக 123, எதிராக 77. நீக்கிவிட்டார்கள். அவர் சொன்னது சரியா தவறா என்பது வேறு விவகாரம். அரசுக்கும் ஆணையத்துக்கும் சண்டை நடந்தது என்று ஊருக்குத் தெரிந்தது. நம் ஊரில் அப்படியொரு சண்டை நடந்ததாக உங்களுக்கு நினைவிருக்கிறதா? நீக்க வேண்டிய அவசியமே வராத அளவுக்கு நம் ஏற்பாடு சுமுகமானது. தலைவராக வந்தவர்களில் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிகளும் வாரியத்திலேயே பதவி வகித்தவர்களும் உண்டு. நேற்றுவரை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து மனு எழுதியவர், இன்று அந்தப் பக்கம் அமர்ந்து அதை விசாரிக்கிறார். நேர்மையானவராகவே இருக்கலாம். பழக்கம் என்று ஒன்று உண்டே.

2022-ல் இந்தச் சுமுகத்தில் ஒரு கீறல் விழுந்தது. ஜூலை 18 அன்று கட்டண உயர்வு விவரத்தை அமைச்சர் செய்தியாளர்களிடம் அறிவித்தார். ஆணையம் விசாரணையைத் தொடங்கும் முன்பே ஊருக்கெல்லாம் விலை தெரிந்துவிட்டது. ஆகஸ்ட்டில் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டம். ஆணையத்தில் சட்டம் படித்த உறுப்பினர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. அந்த நாற்காலி காலியாக இருக்கும்போது எப்படி விசாரிக்கலாம் என்று தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. உறுப்பினரை நியமிக்கும்வரை இறுதி ஆணை கூடாது என்றார் தனி நீதிபதி. செப்டம்பர் 1 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. செப்டம்பர் 9-ல் ஆணை வந்தது, 10-ஆம் தேதியிலிருந்து அமல். எட்டு ஆண்டு காத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு நாற்காலியை நிரப்பும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை.

அந்த ஆணையின் கணக்கில் ஒரு விநோதம் உண்டு, பென்சில் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால், முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய் வீதம், அதற்கடுத்த 200 யூனிட் 4.50 வீதம், கடைசி 100 யூனிட் 6 ரூபாய் வீதம். மொத்தம் 1,725 ரூபாய். இப்போது ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகட்டும். 101 முதல் 200 வரைக்கான சலுகை போய்விடும், அதற்கும் 4.50. மொத்தம் 1,958 ரூபாய். ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் அந்த ஒரு யூனிட் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற எரிச்சலுக்குக் காரணம் இதுதான். மாதாமாதம் ரீடிங் எடுப்போம் என்பது 2021 தேர்தல் வாக்குறுதி. ஸ்மார்ட் மீட்டர் வந்ததும் செய்வோம் என்றார்கள். அந்த மீட்டருக்கான ஒப்பந்தப்புள்ளி விலை அதிகம் என்று 2024 இறுதியில் ரத்தானது.

கோவிலம்பாக்கம் மாதிரியான ஊரை நேராகத் தொட்ட இன்னொரு சங்கதி, பொதுப் பயன்பாட்டு மீட்டர். அடுக்குமாடியின் மாடிப்படி விளக்கு, சம்ப் மோட்டார், வாசல் லைட் இவற்றுக்குத் தனி மீட்டர் இருக்கும். முன்பு அதுவும் வீட்டுக் கணக்கில் வந்தது. 2022 ஆணை அதைத் தனி வகையாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டது, நிலைக் கட்டணம் தனி. ஒரு சொட்டு நீரும் மோட்டார் இல்லாமல் மேலேறாத ஊரில், தண்ணீர் ஏற்றுவதற்கான மின்சாரம் வீட்டு மின்சாரத்தைவிட விலை கூடிய சரக்காகிவிட்டது. எட்டு வீடு உள்ள ஸ்டில்ட் பிளாட்டுகளின் அசோசியேஷன் கூட்டங்களில் ஓராண்டு முழுக்க இதே பேச்சு. படிக்கட்டு விளக்கைப் பத்து மணிக்கு அணைப்பதா, பதினொன்றுக்கா என்று தீர்மானம் போட்டார்கள்.

2023 அக்டோபரில் நிவாரணம் வந்தது. பத்து அல்லது அதற்குக் குறைவான வீடுகள், மூன்று மாடிக்கு மிகாத உயரம், லிஃப்ட் இல்லை என்றால், அதற்குள் 8.15 ஆகியிருந்த கட்டணம் 5.50 ஆகும். நல்லதுதான். முழங்கால் வலிக்கும் பாட்டிக்காக லிஃப்ட் வைத்தவர்கள் மட்டும் பணக்காரர்கள் ஆனார்கள், போகட்டும். இந்தக் குறைப்பை அறிவித்தவர் முதலமைச்சர். ஆணையத்தின் முத்திரை அதற்குப் பின்னால் வந்தது. ஏற்றும்போது “ஆணையம் ஏற்றியது” என்பார்கள். இறக்கும்போது “அரசு இறக்கியது” என்பார்கள். யார் ஆட்சியில் இருந்தாலும் இந்த வசனம் மாறுவதில்லை. முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016 மே மாதம் ஜெயலலிதா பதவியேற்ற அன்றே கையெழுத்திட்டபோதும் இதே நாடகம்தான்.

அரசு மக்களுக்குச் சலுகை தருவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கோவிலம்பாக்கத்தில் ஒற்றை அறையில் குடியிருந்து இஸ்திரி வண்டி தள்ளுபவருக்கு அந்த 100 யூனிட் பெரிய விஷயம். தருகிற சலுகைக்கு உண்மையான கணக்கு வேண்டும். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே கிடையாது. எனவே விவசாயத்துக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்பது மாதிரி மீட்டர்களை வைத்துப் போடும் ஓர் உத்தேசம். கம்பியில் வீணாவது, கொக்கி போட்டுத் திருடுவது, கணக்கில் தவறுவது எல்லாவற்றையும் அந்த உத்தேசத்துக்குள் மறைத்துவிடலாம். மறைக்கிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. மறைத்தால் கண்டுபிடிக்க வழியில்லை என்கிறேன். ஆணையம் மீட்டர் வைக்கச் சொல்லி ஆணையிட்டுப் பார்த்தது. மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்ற விவசாயியின் பயமும், அந்தப் பயத்தைத் தொட எந்தக் கட்சிக்கும் துணிச்சல் இல்லாததும் அந்த ஆணைகளைத் தின்றுவிட்டன.

2022-க்குப் பிறகு ஆண்டுதோறும் ஜூலையில், விலைவாசிக் குறியீடு அல்லது 6 சதவீதம், எது குறைவோ அந்த அளவுக்கு ஏற்றம் என்று ஒரு சூத்திரம் வந்திருக்கிறது. 2023-ல் 2.18 சதவீதம், 2024-ல் 4.83, 2025-ல் 3.16. எட்டு ஆண்டு தூங்கிவிட்டு ஒரே அடியாக எழுவதைவிட இது மேல். ஆனால் 2024-ல் என்ன செய்தார்கள் பாருங்கள். ஜூலை 10 விக்கிரவாண்டி இடைத்தேர்தல், 13-ல் முடிவு, 15-ல் கட்டண ஆணை. ஜூலை 1-ஆம் தேதியிலிருந்தே அமல் என்றார்கள். சங்கரன்கோவிலிலிருந்து விக்கிரவாண்டிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள், இரண்டு வெவ்வேறு ஆட்சிகள், ஒரே பஞ்சாங்கம். சூத்திரம் கணினியில் போடப்படுகிறதென்றால் தேதி எங்கே போடப்படுகிறது?

வாரியம் 2010 நவம்பரில் நிறுவனங்களாகப் பிரிந்தது. 2024-ல் உற்பத்திக்கு ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று, பசுமை மின்சாரத்துக்கு ஒன்று என்று மறுபடி பிரிந்தது. பெயர்ப் பலகை மாறிக்கொண்டே இருக்கிறது, ஜனங்கள் ‘ஈ.பி.’ என்பதை விடவில்லை. உரிமையாளர் அதே அரசு. கடனுக்கு ஜாமீனும் அரசு, மானியமும் அரசு, ஆணைய உறுப்பினரை நியமிப்பதும் அரசு. பொதுநலக் கொள்கை விஷயங்களில் ஆணையத்துக்கு வழிகாட்டும் அதிகாரமும் 108-ஆம் பிரிவின்படி அரசுக்கே. இத்தனை தொப்பிகளையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு, கிண்டி நான்காம் மாடியை மட்டும் ‘சுதந்திரமானது’ என்று அழைக்கிறோம்.

நுகர்வோருக்கு அந்த மாடியின் கதவைத் தட்ட வழி இல்லாமல் இல்லை. மின் பகிர்மான வட்டத்துக்கு ஒரு குறைதீர் மன்றம் இருக்கிறது. அதற்குத் தலைமை வகிப்பவர் அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர்; எந்த அலுவலகத்தின் மேல் புகாரோ அந்த அலுவலகத்தின் மேலதிகாரி. அவர் தீர்ப்பு பிடிக்காவிட்டால் மின்குறை தீர்ப்பாளர். அவர் இருப்பதும் கிண்டியில் அதே மாடியில். சேவைத் தரத்துக்கு 2004-லேயே விதிகள் போட்டாகிவிட்டது. மின்தடை இவ்வளவு நேரத்தைத் தாண்டினால் நுகர்வோருக்கு இவ்வளவு ரூபாய் என்று அதில் இருக்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் அது ஒவ்வொரு பில்லிலும் தானாகக் கழிந்து வந்தால், எந்தப் பிரிவு அலுவலகம் எத்தனை முறை தவறியது என்று சிட்கோ கட்டடத்திலிருந்தே தெரிந்துவிடும். இப்போது எத்தனை தடவை மின்சாரம் போனது, எவ்வளவு நேரம் போனது என்ற கணக்கை ஆணையத்துக்குத் தருவது மின் நிறுவனமேதான். மாணவனே திருத்திக்கொண்டு வரும் விடைத்தாள்.

அதைச் சரிபார்க்க வேண்டுமென்றால் தெருவிடம் இன்னொரு கணக்கு இருக்க வேண்டும். மே மாதத்து அந்த ராத்திரியில், லைன்மேன் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஃபியூஸ் மாற்றிவிட்டுப் போகிறார். தெரு முழுக்க ஒரே நேரத்தில் ஃப்ரிட்ஜ்கள் உறுமுகின்றன. வாட்ஸ்அப் குழுவில் ‘வந்துடுச்சு’ என்று ஒருவர் போட, இருபது கட்டைவிரல்கள். எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று ஒருவரும் குறித்துக்கொள்வதில்லை. மறுபடி போவதற்குள் மோட்டார் போட ஸ்டில்ட்டுக்கு ஓடுகிறார்கள்.